24 மணி நேரம், 3 மலைகள்: புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட நடப்பவர்கள் எப்படித் தயாராகிறார்கள்?

அதிகாலை 4 மணி. இங்கிலாந்தின் வாஸ்டேல் ஹெட் என்ற சின்னக் கிராமத்தில் ஒரு வேன் வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. ஆனால் உள்ளே இருப்பவர்களால் சட்டென்று இறங்க முடியவில்லை. முந்தைய நாள் மாலை ஸ்காட்லாந்தில் ஒரு மலை ஏறி இறங்கிவிட்டு, 6 மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்தபடியே வந்தவர்கள் அவர்கள். கால் மரத்துப்போய்க் கிடக்கிறது. இப்போது இரண்டாவது மலை ஏற வேண்டும். அது முடிந்தால் வேல்ஸில் மூன்றாவது மலை காத்திருக்கிறது.

பிரிட்டனில் கோடைக்காலம் வந்தாலே தொடங்கிவிடும் 'நேஷனல் த்ரீ பீக்ஸ் சேலஞ்ச்' மலைநடையில் இது வழக்கமான காட்சி. இதில் நடப்பவர்களில் பலர் ஏதாவது ஒரு தொண்டு அமைப்புக்காக நிதி திரட்டுகிறார்கள். புற்றுநோய் ஆராய்ச்சிக்காக நடப்பவர்களும் அவர்களில் உண்டு.

"ஒரே ஒரு நாள்தானே, எப்படியாவது நடந்துடலாம்" என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல். இந்த ஒரு நாளுக்குக் குறைந்தது மூன்று, நான்கு மாதப் பயிற்சி தேவை. ஏன்? என்ன பயிற்சி? திரட்டும் பணம் எங்கே போகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

த்ரீ பீக்ஸ் சேலஞ்ச் என்றால் என்ன?

ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய மூன்று நாடுகளிலும் இருக்கும் மிக உயரமான மலைகளை 24 மணி நேரத்துக்குள் ஏறி இறங்குவதுதான் சவால்.

* பென் நெவிஸ் (ஸ்காட்லாந்து): 1,345 மீட்டர்
* ஸ்கேஃபெல் பைக் (இங்கிலாந்து): 978 மீட்டர்
* ஸ்னோடன் (வேல்ஸ், வேல்ஸ் மொழியில் 'அர் வித்வா'): 1,085 மீட்டர்

மூன்றையும் சேர்த்தால் நடக்க வேண்டிய தூரம் சுமார் 37 கி.மீ. ஏற வேண்டிய மொத்த உயரம் சுமார் 3,000 மீட்டர். மலைகளுக்கு நடுவே சாலைப் பயணம் மட்டும் ஏறக்குறைய 740 கி.மீ.

பொதுவான நேரக்கணக்கு இதுதான்: பென் நெவிஸுக்கு 5 மணி நேரம், மற்ற இரண்டுக்கும் தலா 4 மணி நேரம், வண்டியில் 11 மணி நேரம். கூட்டினால் சரியாக 24. போக்குவரத்து நெரிசலுக்கோ, தூக்கத்துக்கோ இதில் இடமே இல்லை.

ஏற்காட்டைவிடக் குறைந்த உயரம்தானே?

நம்ம ஊர் ஏற்காடே சுமார் 1,500 மீட்டர் உயரம். அப்படிப் பார்த்தால் பென் நெவிஸ் சின்ன மலைதான். ஆனால் ஏற்காட்டுக்குப் பேருந்தில் போகிறோம். பென் நெவிஸில் ஏறக்குறைய கடல் மட்டத்திலிருந்தே நடக்கத் தொடங்க வேண்டும்.

அடுத்தது குளிர். பென் நெவிஸ் உச்சியில் 1883 முதல் 1904 வரை ஒரு வானிலை ஆய்வகம் இயங்கியது. அங்கே பதிவான ஆண்டுச் சராசரி வெப்பநிலை கிட்டத்தட்ட பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸ். மே மாதத்திலும் உச்சியில் பனி கிடக்கலாம். அடிவாரத்தில் டி-ஷர்ட்டோடு கிளம்பியவர் உச்சியில் நடுங்குவது இதனால்தான்.

மூடுபனி இறங்கிவிட்டால் உச்சியில் வழி தெரியாது. செங்குத்தான பள்ளங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. செல்போன் வரைபடத்தை மட்டும் நம்பினால் போதாது. குளிரில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் காகித வரைபடமும் திசைகாட்டியும் பார்க்கக் கற்றுக்கொள்வதும் பயிற்சியில் ஒரு பகுதிதான்.

ஏறுவது கஷ்டமா, இறங்குவது கஷ்டமா?

ஏறுவதுதான் கஷ்டம் என்று நினைப்போம். மூச்சு வாங்குவது அப்போதுதான். ஆனால் காலைப் பதம் பார்ப்பது இறக்கம்.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கி, பிரேக் மாதிரி வேலை செய்கிறது. நீளும்போதே பாரம் தாங்குவதால் தசை நார்களில் மிக நுண்ணிய சிதைவுகள் ஏற்படும். வலி உடனே தெரியாது. ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள்தான் அது உச்சத்துக்குப் போகும். ஆனால் தசையின் பலம் அப்போதே குறையத் தொடங்கிவிடும். கால் நடுங்கும். கல்லில் வைத்த பாதம் வழுக்கும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஒருமுறை இறக்கத்தில் நடந்து வலியை அனுபவித்த தசை, அடுத்தமுறை அதே வேலைக்கு அவ்வளவு பாதிக்கப்படாது. இந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நீடிக்கும். சமதளத்தில் எத்தனை கி.மீ. நடந்தாலும் இது கிடைக்காது. இறங்கிப் பழகினால்தான் கிடைக்கும்.

பக்கத்தில் மலை இல்லாதவர்கள் என்ன செய்வது? அடுக்குமாடிப் படிக்கட்டு போதும். லிஃப்டில் ஏறி, படியில் இறங்குவதும் பயிற்சிதான்.

16 வாரப் பயிற்சி எப்படி இருக்கும்?

ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும், பொதுவான திட்டம் இப்படித்தான் அமையும்.

* 1 முதல் 4 வாரம்: வாரத்தில் 3, 4 நாள் 30 முதல் 45 நிமிடம் வேக நடை. வார இறுதியில் ஒருநாள் ஒன்றரை முதல் 2 மணி நேரம்.
* 5 முதல் 8 வாரம்: வார இறுதி நடை 3, 4 மணி நேரமாகும். மேடு பள்ளமான பாதை, படிக்கட்டு. வாரம் இருமுறை உட்கார்ந்து எழும் பயிற்சி, படியில் ஏறி இறங்கும் பயிற்சி.
* 9 முதல் 12 வாரம்: 5, 6 மணி நேர மலைநடை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து நடப்பது. அன்றைக்குத் தூக்கப்போகும் அதே பை, அதே எடை.
* 13, 14ஆம் வாரம்: பயிற்சியிலேயே மிக நீளமான நாள். முடிந்தால் ஒரே நாளில் இரண்டு மலை.
* 15, 16ஆம் வாரம்: நடையைக் குறைத்து உடலுக்கு ஓய்வு.

ஞாயிற்றுக்கிழமை நடைதான் இதில் முக்கியம். சனிக்கிழமை நடந்த களைப்பும் வலியும் தீராமல் மறுநாள் மறுபடி கிளம்புவது, வேனிலிருந்து இறங்கி இரண்டாவது மலை ஏறும் அந்த அதிகாலைக்கான ஒத்திகை. ஒருமுறையாவது தலைவிளக்கு மாட்டிக்கொண்டு இருட்டில் நடந்து பார்ப்பதும் அதே காரணத்துக்காகத்தான்.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை பயிற்சியைக் குறைத்துக்கொள்வது நல்லது. தசைகூட சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண்களும் மூட்டுகளும் பழக அதிக நாளாகும். "இந்த வாரம் நல்லா இருக்கு" என்று தூரத்தை ஒரேயடியாக இரட்டிப்பாக்குபவர்களுக்குத்தான் முழங்கால் வலி வருகிறது.

இதய நோய், சர்க்கரை நோய் இருப்பவர்களும், புற்றுநோய் சிகிச்சை எடுத்து மீண்டவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

கொப்புளம், சாப்பாடு, தண்ணீர்

நெஞ்சில் தெம்பு இருந்தும் பாதியில் நிற்க வைப்பது பல நேரம் பாதத்தில் வரும் கொப்புளம்தான். உராய்வு, ஈரம், சூடு மூன்றும் சேர்ந்தால் கொப்புளம் வரும். புது ஷூவோடு மலைக்குப் போகவே கூடாது. பயிற்சி முழுவதும் அதே ஷூ, அதே சாக்ஸ். இறங்கும்போது பாதம் முன்னால் நகரும் என்பதால் விரலுக்கு முன் கொஞ்சம் இடம் வேண்டும். நகத்தை முன்பே வெட்டிவிட வேண்டும். எங்கேயாவது சுரீரென்று சூடு தெரிந்தால் அடுத்த நிறுத்தம் வரை பொறுக்காமல், உடனே நின்று டேப் ஒட்டிவிட வேண்டும்.

சாப்பாட்டையும் பழக வேண்டும். நீண்ட நடையில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படும். ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கும். களைத்துப்போன பிறகு பசி எடுக்காது, வயிறு ஏற்காது. அதனால் எது ஒத்துக்கொள்கிறது என்பதைப் பயிற்சியிலேயே கண்டுபிடித்துவிட வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. குறைவாகக் குடித்தாலும் ஆபத்து, தாகமே இல்லாமல் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தாலும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் அளவு குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரலாம். தாகத்துக்கு ஏற்பக் குடித்து, உப்புள்ள தின்பண்டம் கொஞ்சம் சேர்த்துக்கொள்வது பாதுகாப்பு.

இன்னொன்றும் முக்கியம். வண்டி ஓட்டுபவர் மலை ஏறக் கூடாது. தூங்காமல் ஏறி இறங்கியவர் இரவில் 6 மணி நேரம் ஸ்டியரிங் பிடிப்பது மலையைவிட ஆபத்தானது.

தயாராகாமல் போனால் யாருக்கு நஷ்டம்?

போனவருக்கு மட்டும் இல்லை. பென் நெவிஸில் லோகாபர், ஸ்கேஃபெல் பைக்கில் வாஸ்டேல், ஸ்னோடனில் லான்பெரிஸ் என மலை மீட்புக் குழுக்கள் இருக்கின்றன. இவற்றில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அழைப்பு வந்தால் வேலையையும் தூக்கத்தையும் விட்டுவிட்டு ஓடி வருகிறார்கள். மீட்கப்பட்டவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. இந்தக் குழுக்களும் மக்கள் தரும் நன்கொடையை நம்பித்தான் இயங்குகின்றன.

யோசித்துப் பாருங்கள். ஒரு தொண்டு அமைப்புக்குப் பணம் திரட்டக் கிளம்பிய ஒருவர், தயாராகாமல் போய்க் கால் பிசகி விழுந்தால், இன்னொரு தொண்டு அமைப்பின் ஆட்களையும் பணத்தையும் செலவழிக்க வைக்கிறார்.

வாஸ்டேல் ஹெட் மக்களுக்கும் வருத்தம் உண்டு. நள்ளிரவில் வரும் வண்டிகளின் சத்தம், குப்பை, போதாத கழிப்பறைகள் என்று புகார்கள் எழுகின்றன. அதனால்தான் ஒரே நாளில் முடிக்காமல், மூன்று மலைகளையும் மூன்று நாட்களில் நடங்கள் என்ற யோசனையும் சொல்லப்படுகிறது.

திரட்டும் பணம் எங்கே போகிறது?

பிரிட்டனில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி தரும் பெரிய அமைப்பு 'கேன்சர் ரிசர்ச் யுகே'. இரண்டு பழைய அமைப்புகள் இணைந்து 2002இல் உருவானது. இதற்கு வரும் பணத்தில் பெரும்பங்கு பொதுமக்கள் தருவதுதான்.

இந்தப் பணம் என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம் டெமோசோலமைடு. மூளைப் புற்றுநோய்க்கு உலகம் முழுக்கக் கொடுக்கப்படும் மருந்து இது. பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் மால்கம் ஸ்டீவன்ஸ் தலைமையிலான குழு 1980களில் இதை உருவாக்கியது. அந்த ஆய்வுக்குக் கைகொடுத்தது, பின்னாளில் கேன்சர் ரிசர்ச் யுகேவில் இணைந்த அமைப்புகளில் ஒன்று.

இன்னொரு உதாரணம் நடைக்கே சம்பந்தப்பட்டது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடித்த 889 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு 3 ஆண்டுகள் பயிற்சியாளர் துணையோடு உடற்பயிற்சி. மற்றவர்களுக்கு ஆலோசனைக் கையேடு மட்டும். முடிவு 2025 ஜூனில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. 8 ஆண்டுகள் கழித்து உடற்பயிற்சிப் பிரிவில் 90 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். மற்ற பிரிவில் 83 சதவீதம். கனடா கேன்சர் சொசைட்டி என்ற தொண்டு அமைப்பும் இதற்கு நிதி தந்தது.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

* அமைப்பு பதிவு செய்யப்பட்டதா? இங்கிலாந்து, வேல்ஸ் அமைப்புகளைச் சேரிட்டி கமிஷன் இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம்.
* நடப்பவரின் பயணச் செலவு அவர் கையிலிருந்து போகிறதா, திரட்டிய பணத்திலிருந்து கழிக்கப்படுகிறதா? இரண்டு முறையும் உண்டு. கேட்பதில் தப்பில்லை.
* பணம் ஆராய்ச்சிக்கா, நோயாளிகள் பராமரிப்புக்கா? இரண்டும் தேவைதான். ஆனால் இரண்டும் வேறு வேறு.

பிரிட்டனில் வரி கட்டுபவர் 'கிஃப்ட் எய்டு' முறையில் 1 பவுண்டு தந்தால், அரசு 25 பென்ஸ் கூடுதலாக அந்த அமைப்புக்குத் தருகிறது.

முடிக்க முடியாமல் போனால்?

இதற்குப் பதில் கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் கதையில் இருக்கிறது. எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலது காலை இழந்தவர். செயற்கைக் காலோடு கனடாவின் குறுக்கே ஓடி ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட முடிவெடுத்தார். ஆனால் உடனே கிளம்பிவிடவில்லை. ஓராண்டுக்கு மேல் பயிற்சி எடுத்தார். அதிலேயே 5,000 கி.மீ.க்கு மேல் ஓடிவிட்டார்.

1980 ஏப்ரல் 12இல் தொடங்கி, நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம். 143 நாளில் 5,373 கி.மீ. முடித்தபோது, நுரையீரலுக்கும் புற்றுநோய் பரவியிருந்தது தெரிந்தது. செப்டம்பர் 1ஆம் தேதி தண்டர் பே நகரத்துக்கு அருகே நின்றுவிட்டார். மறுகரை வரை அவரால் போக முடியவில்லை. ஆனாலும் நன்கொடை நிற்கவில்லை. கனடாவில் ஆளுக்கு ஒரு டாலர் என்று அவர் கேட்ட தொகை, 1981 பிப்ரவரியிலேயே சேர்ந்துவிட்டது. அந்த ஜூன் மாதம், 22 வயதில் அவர் இறந்தார். அவர் பெயரிலான ஓட்டம் இன்றும் பல நாடுகளில் நடக்கிறது. சென்னையில் ஐஐடி மெட்ராஸ் வளாகத்திலும் நடந்திருக்கிறது.

நன்கொடை தந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்துத் தரவில்லை. மூடுபனி இறங்கினாலோ, முழங்கால் மடங்கினாலோ திரும்பிவிடலாம். 24 மணி நேரம் 26 ஆனாலும் ஆராய்ச்சிக்குப் போகும் பணம் குறையாது. அந்த முடிவை நிதானமாக எடுக்கும் தெம்பு உடம்பில் மிச்சம் இருக்க வேண்டும். நான்கு மாதப் பயிற்சி அதற்காகத்தான்.