காசு கட்டி 'கேம்' படிக்கணுமா?

செல்போனில் கேம் ஆடும் பையன், "நானே கேம் தயாரிக்கப் போறேன், ஆன்லைன் கோர்சுக்கு பணம் கட்டுங்க" என்கிறானா? கொஞ்சம் பொறுங்கள்.

கேம் தயாரிக்கும் 'கோடாட்' சாப்ட்வேர் முழுக்க இலவசம். 'யூனிட்டி'யையும் காசு இல்லாமல் கற்கலாம். பாடத்தை அந்த நிறுவனமே இலவசமாகத் தருகிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கேம் பாடமும் இணையத்தில் இலவசம்தான்.

அப்போ கட்டண வகுப்பு வேஸ்டா? வீடியோவை மட்டும் விற்றால் வேஸ்ட்தான். அதுவும் சீக்கிரம் பழசாகிவிடும். 2023-ல் கோடாட் 4 வந்தபோது, முந்தைய 3-க்கு எழுதிய பல புரோகிராம்கள் திருத்தாமல் ஓடவில்லை.

பையன் எழுதிய புரோகிராமைப் பார்த்து, தப்பைத் திருத்திச் சொல்ல வாத்தியார் இருந்தால் காசு கொடுக்கலாம். வகுப்பு நடத்துபவர்களும் அதற்குத்தான் கட்டணம் கேட்கணும்.

முதலில் ஒரு மாதம் இலவசமாகப் படிக்கட்டும். சின்னதாக ஒரு கேமை செய்து முடித்தால், அப்புறம் பர்ஸைத் திறங்கள்!