உயரத்தில் சுமை, ஈரத்தில் சக்கரம்

எஸ்.பி.எம். தேர்வு முடிந்த கையோடு தொழிற்சாலை வேலைக்குப் போகும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். என்னிடம் படித்த மாணவன் ஒருவன், உறைய வைத்த கோழி இறைச்சியைப் பொட்டலமிடும் ஓர் ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் பழகி வருகிறான். தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்தவன், "சார், சுமையைக் கீழே இறக்காமலே வண்டியைத் திருப்பினா நேரம் மிச்சமாகுது. அங்கே அண்ணன்மார் எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க. தப்பா?" என்று கேட்டான்.

தப்புதான். காரணம் படிவம் இரண்டு அறிவியலிலேயே இருக்கிறது.

ஃபோர்க்லிஃப்ட் ஒரு நெம்புகோல். முன்சக்கர அச்சு அதன் ஆதாரப் புள்ளி. முன்னால் சுமை, பின்னால் மின்கலமும் இரும்பு எதிர் எடையும். சீசா ஆடிய எவருக்கும் இது புரியும். வண்டியின் தகட்டில் 2,500 கிலோ, 500 மில்லிமீட்டர் என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சுமையின் ஈர்ப்பு மையம், கவை மேலெழும் இடத்திலிருந்து 500 மி.மீ. தள்ளி இருக்கும்வரைதான் அந்த 2,500 கிலோ. முன் அச்சிலிருந்து அந்த இடம் 450 மி.மீ. என்று கொண்டால், மொத்தம் 950 மி.மீ. பெட்டிகளை முன்தள்ளி அடுக்கி, மையம் 700 மி.மீ.க்குப் போய்விட்டால் மொத்தம் 1,150 ஆகிவிடும். 2,500 ஐ 950 ஆல் பெருக்கி, 1,150 ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 2,065 கிலோதான் வரும். பெட்டி ஒன்றுகூடக் கூடவில்லை. ஆனாலும் வண்டிக்கு அது அதிகச் சுமை.

பக்கவாட்டில் கவிழ்வது இன்னும் ஆபத்து. சக்கரங்கள் நான்கு என்றாலும் பின் அச்சு நடுவில் ஒரே முளையில் அசைவதால், வண்டி முக்கோணத்தின் மீதே நிற்கிறது. சுமையை உயர்த்தினால் ஈர்ப்பு மையமும் உயரும். அந்த நிலையில் சட்டென்று திரும்பினால் அது முக்கோணத்துக்கு வெளியே போய்விடும். அதனால்தான் தரையிலிருந்து சுமார் 15 சென்டிமீட்டர் உயரத்தில், கவையைச் சற்றுப் பின்சாய்த்து ஓட்டச் சொல்கிறார்கள். வெற்று வண்டி பாதுகாப்பானது என்றும் நினைக்காதீர்கள். சுமை இல்லாதபோது மையம் பின்னால், முக்கோணத்தின் குறுகிய முனைப் பக்கம் நகர்ந்துவிடுகிறது.

இதெல்லாம் எந்தக் கிடங்குக்கும் பொருந்தும். உணவு ஆலையில் தரையும் எதிரி. தினமும் கழுவுவார்கள், நீரும் கொழுப்பும் சேர்ந்தால் உராய்வு குறைந்துவிடும். வேகம் இரு மடங்கானால் நிறுத்தத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். −18 பாகை குளிர் அறையின் வாசலில் நம் ஊர் ஈரக்காற்று பட்டதும் நீராவி படிந்து, தரையில் பனிக்கட்டியாகவும் உறையும். உள்ளிருந்து வெளியே வந்தால் மூக்குக் கண்ணாடி மங்கிவிடும் (குளிர்சாதனப் பேருந்தை விட்டு இறங்கிய என்னைப் போன்றவர்களுக்கு இது பழகிய தொல்லை). அந்த வாசலில் நின்று, ஹாரன் அடித்து, கண் தெளிந்த பிறகே நகர வேண்டும். ஈரமான பிளாஸ்டிக் பேலட் இரும்புக் கவையில் எளிதாக வழுக்கும்.

டீசல் புகையும் கார்பன் மோனாக்சைடும் உணவுக்கும் ஆளுக்கும் ஆகாது என்பதால் கட்டடத்துக்குள் மின்கல வண்டிகளையே ஓட்டுகிறார்கள். அந்த மின்கலமும் எதிர் எடையின் ஒரு பகுதி. இலேசான ஒன்றை மாற்றிப் பொருத்தினால் சமநிலை கெடும். ஈய-அமில மின்கலத்துக்கு மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வெளியாகும். அதற்கு மணமில்லை. காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு தீப்பொறி போதும். எனவே மின்னேற்றும் இடம் காற்றோட்டத்தோடு, உணவை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும்.

"கவிழ்ந்தா குதிச்சிடலாமா சார்?" என்றான். கூடவே கூடாது. குதிப்பவர் மீதுதான் தலைக்கூரையின் இரும்புச் சட்டம் விழும். இருக்கை வார் போட்டபடி, ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, விழும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் சாய வேண்டும்.

1994 ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து என்று நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று அது சொல்கிறது. இதை அவனிடம் சொன்னேன். "அண்ணன்மார் சிரிப்பாங்க சார்" என்றான். முதலில் அந்தத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பு, உன் வண்டிக்கே கணக்குப் போடுவோம் என்றேன்.