நாட்காட்டியில் குறித்தால் மட்டும் போதுமா?

கடன் தவணை, கடன் அட்டை நிலுவை, வைப்பு முதிர்வு எனப் பணம் தொடர்பான நாள்களை எல்லாம் கணினியின் நாட்காட்டிச் செயலியிடம் ஒப்படைத்துவிட்டு நாம் கவலையற்று இருக்கிறோம். ஆனால் அச்செயலிகளின் அமைப்பிலேயே சில குறைகள் உள்ளன. அவற்றை அறியாவிடில் இழப்பு நம்முடையதே.

31 இல்லாத மாதங்கள்

'மாதந்தோறும் 31-ஆம் நாள்' என்று ஒரு தவணையைப் பதிவதாகக் கொள்வோம். பல செயலிகள் பின்பற்றும் ஐகேலெண்டர் தரவிதி 2009-இல் திருத்தி வெளியிடப்பட்டது. ஒரு மாதத்தில் இல்லாத நாளைக் கணக்கில் கொள்ளாது விட்டுவிட வேண்டும் என்பது அதன் நெறி. அதன்படி பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் ஆகிய 5 மாதங்களில் நினைவூட்டலே வாராது, எச்சரிக்கையும் இராது. மைக்ரோசாஃப்ட் அவுட்லுக் போன்றவை அம்மாதங்களில் கடைசி நாளுக்கு மாற்றிக்கொள்கின்றன. ஒரே பதிவு செயலிக்குச் செயலி வேறுபடுகிறது. 'மாதத்தின் கடைசி நாள்' என்னும் தெரிவு இருப்பின் அதனையே கொள்க; இல்லையேல் 28-ஆம் நாளைக் குறிக்க.

நாள் முன்னா, மாதம் முன்னா?

அமெரிக்க முறையில் அமைந்த கணினி 05/04 என்பதை மே 4 என்று கொள்ளும். பொது வருங்கால வைப்பு நிதியில் மாதத்தின் 5-ஆம் நாளுக்குள் செலுத்திய தொகைக்கே அம்மாத வட்டி உண்டு. ஏப்ரல் 5-க்குள் 1,50,000 ரூபாய் செலுத்த எண்ணியவர் மே 4-இல் செலுத்தினால், ஆண்டு வட்டி 7.1 சதவீதம் எனக் கொண்டால், ஏறத்தாழ 887 ரூபாயை இழப்பார். மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதுவதோடு, கணினியின் வட்டார அமைப்பை 'இந்தியா' என மாற்றுவதும் நலம்.

மூடிய கணினியின் மௌனம்

முழுநாள் நிகழ்வுகளுக்கு அவுட்லுக் இயல்பாக 18 மணி நேரம் முன்னதாக, அதாவது முதல் நாள் மாலை 6 மணிக்கு, நினைவூட்டுகிறது. திங்கட்கிழமைக்குரிய தவணைக்கு ஞாயிறு மாலையில் அழைப்பு வரும். அப்போது அலுவலகக் கணினி மூடிக் கிடக்கும். மறுநாள் திறந்ததும் குவியும் நினைவூட்டல்களை 'அனைத்தையும் நீக்கு' என்னும் ஒரே பொத்தானால் அகற்றிவிட இயலும். அத்துடன் தவணையும் நினைவிலிருந்து அகன்றுவிடும்.

நாம் கருத்தில் கொள்ள வேண்டியது இதுவே: நிகழ்வு என்று பதிந்தது நாள் கடந்ததும் ஓய்ந்துவிடும், பணி என்று பதிந்ததோ 'முடிந்தது' எனக் குறிக்கும்வரை பட்டியலில் நிற்கும். எனவே பணம் செலுத்த வேண்டியவற்றைப் பணியாகவே பதிக. கெடு நாளுக்கு 3 வேலை நாள்கள் முன்னதாக நினைவூட்டலை அமைக்க. செலுத்தியதற்கான குறுஞ்செய்தி வந்த பின்னரே 'முடிந்தது' எனக் குறிக்க. மாறாத் தொகையுள்ள தவணைகளைக் கணக்கிலிருந்து தானாகவே செலுத்துமாறு வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், நாம் நினைவில் வைக்க வேண்டியது கணக்கில் போதிய இருப்பு உள்ளதா என்பது ஒன்றே.