மலிவுக் காமிராவும் வனவிலங்குப் படப்போட்டியும்

வனவிலங்குகளைப் படமெடுப்பது ஒரு காலத்தில் பெரும்பாலும் வசதி படைத்தோரின் கலையாகவே இருந்தது. காமிரா வாங்கினால் மட்டும் போதாது. பிலிம் வாங்க வேண்டும், கழுவ வேண்டும், அச்சிட வேண்டும். ஒரு சுருளில் 36 படங்களே. மீன்கொத்தி நீரில் பாயும் ஒரு கணத்திற்காகச் சுருள் முழுவதையும் செலவிட்டு, ஒன்றும் தேறாமல் வீடு திரும்புவது அன்று புதுமையன்று.

அந்நாளிலும் விலையுயர்ந்த கருவியை நம்பாமல் வென்றவர் மா. கிருஷ்ணன் (1912-1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் இவர். வெவ்வேறு கருவிகளின் பாகங்களை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கனத்த காமிராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயர் சூட்டினார். அதைக் கொண்டு எடுத்த யானைப் படங்கள் கருப்பு வெள்ளைதான். 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

டிஜிட்டல் காமிரா வந்ததும் படத்துக்குப் படம் காசு என்ற கணக்கு ஒழிந்தது. அடுத்த தடை லென்சு. தொலைவிலுள்ள பறவையை அருகே இழுத்துக் காட்டும் 600 மில்லிமீட்டர் லென்சு இன்றும் பத்து லட்ச ரூபாயைத் தாண்டும். 2013, 2014 ஆண்டுகளில் டாம்ரான், சிக்மா கம்பெனிகள் 150 முதல் 600 மில்லிமீட்டர் வரை நீளும் லென்சுகளை ஏறக்குறைய ஒரு லட்சத்துக்குக் கொணர்ந்தன. பழையதாக வாங்கினால் இன்னும் குறைவு.

விளைவு என்ன? லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் வனவிலங்குப் படப்போட்டி 1965-இல் தொடங்கியபோது வந்தவை சில நூறு படங்களே. 2024-இல் 59,000-க்கு மேல்!

அப்படியானால் பணக்காரரின் சலுகை போய்விட்டதா? முழுவதும் போகவில்லை. விலை மிகுந்த லென்சின் துளை எஃப் 4. மலிவு லென்சினுடையது எஃப் 6.3. முன்னது சுமார் இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடும். முதுமலையின் மரநிழலில், விடியற்பொழுதில் இந்த வேறுபாடு படத்தின் உயிரையே தீர்மானிக்கும். ஆனால் வெட்ட வெளியில், காலை எட்டு மணி வெயிலில் இரண்டுக்கும் பெரிய பேதமில்லை. கண்மாயும் கடற்கரையும் நிறைந்த நம் அறந்தாங்கி வட்டாரத்தார்க்கு இது நல்ல செய்தி அல்லவா?

இன்னொரு மாறுதலும் நேர்ந்திருக்கிறது. தெளிவான படம் எல்லோரிடமும் இருப்பதால் தெளிவுக்கு மதிப்பெண் இல்லை. மீனைக் கவ்விய மீன்கொத்தியை நடுவர்கள் ஆயிரம் முறை பார்த்துவிட்டனர். உயிரினத்தின் நடத்தையை அறிந்தவனுக்கே இனி இடம். 2023-இல் அப்போட்டியில் முதுகெலும்பில்லா உயிரினங்களின் நடத்தைப் பிரிவில் வென்ற ஸ்ரீராம் முரளி எடுத்தது ஆனைமலை மின்மினிகளை. 19 விநாடி வீதம் 50 படங்களை ஒன்றாக இணைத்திருந்தார். இதற்கு நீண்ட லென்சு வேண்டியதில்லை. மின்மினி எங்கே, எப்போது கூடும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

போட்டி மிகுந்தால் பொய்யும் மிகும். அதே போட்டியில் 2009-இல் முதற்பரிசு பெற்ற ஓநாய், பழக்கப்பட்ட விலங்கு எனக் கருதப்பட்டு, 2010 ஜனவரியில் பரிசு பறிக்கப்பட்டது. அதைவிடக் கவலை தருவது கூடுகளின் நிலை. மறைத்திருக்கும் கிளையை ஒருவர் விலக்கிப் படமெடுத்துச் சென்றால், பின்னர் குஞ்சுகளை வாட்டுவது வெயில், கவ்வுவது காகம். பரிசு படமெடுத்தவருக்கு; இழப்பு தாய்ப்பறவைக்கு. காமிரா ஏந்திய பத்துப் பேர் ஒரே கூட்டைச் சூழ்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுமா?

நம் மாணவர் தொடங்க ஏற்ற பருவம் வடகிழக்கு மழைக்குப் பிந்திய மாதங்கள். கண்மாய்களில் நத்தைகுத்தி நாரையும் முக்குளிப்பானும் இருக்கும். மீமிசலை அடுத்த முத்துக்குடாவில் அலையாத்திக் காடு இருக்கிறது. பூநாரையும் வெளிமானும் வேண்டுமென்றால் பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரைக்குப் பஸ் மாறிப் போகலாம். காமிரா இல்லாதவர்கள் முதல் ஆண்டு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போனாலும், எந்தப் பறவை எந்த நேரத்தில் எங்கே இறங்குகிறது என்று எழுதி வரலாம்.