பாங்குக் கணக்கின் பூட்டும், கோர்ட்டின் சாவியும்

கோலசிலாங்கூர் பட்டணத்துக்கு ஒரு நடை போய், பாங்குக் கவுண்டரில் இருப்பவரிடம், "என் வீட்டுக்காரர் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். கல்யாணப் பத்திரத்தையே எடுத்துக் காட்டினாலும் சொல்லமாட்டார். கல்நெஞ்சக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். சொன்னால் அவர் சிறைக்குப் போக நேரிடும்.

நம் நாட்டின் 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தில் 133ஆம் பிரிவு அப்படித்தான் கட்டளையிடுகிறது. வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தைச் சட்டம் அனுமதிக்காத ஒருவரிடம் வெளியிட்டால் 5 ஆண்டு வரை சிறை, அல்லது 1 கோடி ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1 கோடிக்கு எத்தனை சைபர் என்று உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள்; ஆசிரியர் புத்தி, கணக்குப் போட வைக்காமல் விடாது! பேங்க் சிம்பானான் நேஷனலுக்குச் சட்டம் வேறு. பூட்டு இதே பூட்டுதான்.

இந்தப் பூட்டின் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. டூர்னியர் என்பவர் தம் பாங்குக்கு 9 பவுன் 8 ஷில்லிங் 6 பென்ஸ் கடன்பட்டிருந்தார். தவணை தவறியதும் பாங்கு மேனேஜர், அவர் வேலை செய்த கம்பெனிக்கே டெலிபோன் செய்து, கடனையும் சொல்லி, ஆள் பந்தயம் கட்டுகிறார் போலிருக்கிறது என்றும் சொல்லிவிட்டார். வேலை போயிற்று. டூர்னியர் வழக்குப் போட்டார். வாடிக்கையாளரின் ரகசியத்தைக் காப்பது பாங்கின் கடமை என்று 1924இல் அப்பீல் கோர்ட்டு சொல்லிற்று. ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தும்போது சொல்லலாம் என்று விலக்கும் வைத்தது. மானேஜரோ மண்டோரோ கடன்காரரோ உங்கள் கணக்கை எட்டிப் பார்க்க முடியாமல் இருப்பதற்கு இதுவே வேர். தோட்டம் விற்கப்பட்டு நஷ்டஈடு கைக்கு வந்த வீடுகளைத் தேடி எத்தனை புதுச் சொந்தங்கள் வந்து சேர்ந்தன என்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பூட்டின் அருமை தெரியும்.

ஆனால் அதே பூட்டு ஒரு பெண்ணின் வயிற்றில் அடிப்பதும் உண்டு. புக்கிட் ரோத்தான் பக்கத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவர் கிள்ளானில் லாரி ஓட்டப் போனார். ஆறு மாதமாக வீட்டுக்குக் காசு இல்லை. இரண்டு பிள்ளைகள் பள்ளியில். மனைவி மணவிலக்கும் ஜீவனாம்சமும் கேட்டு வழக்குத் தொடுக்கிறாள். அவரோ, "என்னிடம் ஏது பணம்?" என்று கையை விரிக்கிறார். பணம் பாங்கில் விழுவது அவளுக்குத் தெரியும். எப்படி நிரூபிப்பாள்?

இங்கேதான் 1949ஆம் ஆண்டு பாங்குப் புத்தகச் சாட்சியச் சட்டம் கைகொடுக்கிறது. அதன் 7ஆம் பிரிவின்படி, வழக்கில் இருக்கும் எவரும் நீதிபதியிடம் மனுச் செய்து, வழக்குக்கு வேண்டிய பதிவுகளைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் உத்தரவு கேட்கலாம். உத்தரவை மூன்று முழு நாள் முன்னதாகப் பாங்குக்குச் சேர்ப்பிக்க வேண்டும். கோர்ட்டு வேறுவிதமாகச் சொன்னாலொழிய. முறைப்படி உறுதிசெய்த நகலே சாட்சியம் ஆகிவிடும். முன்காலத்தில் பெரிய பெரிய லெட்ஜர்களையே கோர்ட்டுக்குச் சுமந்து வரவேண்டியிருந்தது; பாங்கு வேலை நின்றுபோகும். அந்தத் தொல்லை தீரவே இங்கிலாந்தில் 1879இலும், இந்தியாவில் 1891இலும் இத்தகைய சட்டம் வந்தது.

உத்தரவு கேட்டவுடன் கிடைத்துவிடாது. முதலாவது, வழக்கு நடப்பில் இருக்கவேண்டும். வெறும் சந்தேகத்துக்குச் சாவி கிடையாது. "எங்கேயாவது ஏதாவது இருக்கும், தேடித் தாருங்கள்" என்றால் நீதிபதி தள்ளிவிடுவார். எந்தப் பாங்கு, யார் பெயர், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, அது வழக்குக்கு எதற்குத் தேவை என்று தெளிவாகச் சொல்லவேண்டும். ஆகவே வீட்டில் கிடக்கும் பழைய சேமிப்புப் புத்தகம், சம்பளச் சீட்டு, பணம் எடுக்கும் மெஷின் துப்பிய துண்டுச் சீட்டு எதையும் அடுப்பில் போடாதீர்கள். பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். கணக்கு எண் அதில்தான் இருக்கும்.

இன்னொன்று. மாஜிஸ்திரேட் கோர்ட்டின் உத்தரவுக்குப் பாங்கு விவரத்தை வெளியிட முடியாது. செஷன்ஸ் கோர்ட்டோ அதற்கு மேலோ இருக்கவேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் அட்டவணை சொல்கிறது. நம் பகுதியினர் இதற்காக ஷா ஆலம் போகவேண்டி வரலாம்.

கணவர் காலமாகிவிட்டால் வழி சற்றே எளிது. சொத்தை நிர்வகிக்கும் அதிகாரப் பத்திரத்துக்கு மனுச் செய்ய உரிமையுள்ளவர் என்று பாங்கு நம்பினால், அந்த மனுவுக்காக அவரிடம் விவரம் சொல்லச் சட்டமே இடம் தருகிறது. விவரம் சொல்வது வேறு, பணத்தை எடுத்துக் கொடுப்பது வேறு. பணத்துக்கு அந்தப் பத்திரம் கையில் வரவேண்டும்.

"இவ்வளவு எதற்கு? பாங்கில் வேலை செய்யும் நம் சொந்தக்காரப் பையனைக் கேட்டால் போதாதா?" என்பார்கள் சிலர். வேண்டாம். 2012இல் ஒரு கால்நடைப் பண்ணை நிறுவனத்தின் கணக்கு விவரம் வெளியான விவகாரத்தில் அரசியல்வாதி ரபிசி ரம்லியும் ஒரு முன்னாள் பாங்கு ஊழியரும் குற்றஞ்சாட்டப்பட்டார்கள். 2018 பிப்ரவரியில் ஷா ஆலம் செஷன்ஸ் கோர்ட்டு இருவருக்கும் 30 மாதச் சிறை விதித்தது. 2019 நவம்பரில் ஹைகோர்ட்டு இருவரையும் விடுதலை செய்தது உண்மைதான். ஆனால் அதுவரை ஏழு ஆண்டு கோர்ட்டுப் படியேறியது யார்? பொதுமக்கள் பணத்தைப் பற்றிய விஷயத்துக்கே அந்தப் பாடு. குடும்பச் சண்டைக்காக அந்தப் பையனின் பிழைப்பில் மண் போடலாமா?

பூட்டை நம்பித் தம் பாங்குக் கார்டை நூறு இருநூறு வெள்ளிக்கு அந்நியரிடம் கொடுக்கும் இளைஞர்களும் கவனிக்கவேண்டும். குற்ற விசாரணைக்காகப் போலீஸ் கேட்டால் விவரம் தரப் பாங்குக்குத் தனி அனுமதி இருக்கிறது. திறந்து பார்த்தால் அங்கே இருப்பது உங்கள் பெயர்தான் தம்பி. மோசடிக்காரன் பெயர் இருக்காது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்கிற பெண்கள், சட்ட உதவி இலாகாவின் ஷா ஆலம் அலுவலகத்தில் விசாரிக்கலாம். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள். அடையாளக் கார்டு, கல்யாணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பிறகு அந்தப் பிஸ்கட் டின் — எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.