சர்வர் சும்மா கிடைக்கும். காவலுக்கு ஆள் வேண்டும்!

ஐதராபாத்தில் பேகம்பேட் என்றதும் நம்மவர்களுக்குப் பழைய விமான நிலையம்தான் நினைவுக்கு வரும். அதே வட்டாரத்தில் உள்ள ஐதராபாத் பப்ளிக் ஸ்கூலில் படித்தவர் சத்யா நாதெள்ளா. 2014–ம் ஆண்டு பிப்ரவரியில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஆனார்.

அவருக்கு முன்பு அந்தப் பதவியில் இருந்த ஸ்டீவ் பால்மர், 2001–ல் லினக்ஸ் என்ற இலவச சாப்ட்வேரைப் புற்றுநோய் என்று சாடியவர். நாதெள்ளா பதவிக்கு வந்த அதே ஆண்டில், மைக்ரோசாப்ட் லினக்சை நேசிக்கிறது என்று அறிவித்தார். மருமகளைத் தூற்றிய வீட்டில் அவளுக்கே பட்டுச்சேலை எடுத்த கதைதான்!

காரணம் இல்லாமல் இல்லை. இண்டர்நெட்டின் பெரும்பகுதி இப்படி விலையில்லாமல் கிடைக்கும் சாப்ட்வேரில்தான் ஓடுகிறது. அதில் முக்கியமானது வெப் சர்வர்.

கவுண்ட்டர் குமாஸ்தா

ரெயில்வே ரிசர்வேஷன் கவுண்ட்டரில் படிவத்தை நீட்டினால், உள்ளே இருக்கும் குமாஸ்தா பார்த்து டிக்கெட்டைத் தருகிறார் அல்லவா? இண்டர்நெட்டில் அந்த வேலையைச் செய்யும் புரோகிராம்தான் வெப் சர்வர். செல்போனில் முகவரியைத் தட்டியதும், கேட்ட பக்கத்தை எடுத்துக் கொடுக்கிறது. இதற்கும் கவுண்ட்டர் எண்கள் உண்டு. 80–ல் வருவது திறந்த கடிதம். 443–ல் வருவது முத்திரையிட்ட உறை.

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ராப் மெக்கூல் எழுதிய சர்வர் ஒன்று முதலில் புழக்கத்தில் இருந்தது. 1994–ல் அவர் அங்கிருந்து விலகியதும் வேலை நின்றுபோயிற்று. அதைப் பயன்படுத்தியவர்கள் தாங்களே திருத்தங்கள் எழுதி, ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். 1995 பிப்ரவரியில் எட்டுப் பேர் கூடி அந்தத் திருத்தங்களை ஒன்றாக்கினார்கள். அதுவே "அப்பாச்சி". அமெரிக்கப் பழங்குடி ஒன்றின் பெயர் இது. "ஒட்டுப்போட்டது" என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் இதே ஓசையில் வருவதால் சிலேடையாகவும் அமைந்துவிட்டது. பின்னால் 2004–ல் ரஷியாவின் இகோர் சிசோயெவ் "எஞ்சின்எக்ஸ்" என்ற மற்றொரு சர்வரை வெளியிட்டார். அதற்கும் விலை இல்லை.

ஒரே வரி

லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று போதும். உபுண்டு வகை லினக்சில் "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் அப்பாச்சி2" என்று ஒரே வரி அடித்தால் சர்வர் வந்து உட்கார்ந்துகொள்ளும். "லோக்கல்ஹோஸ்ட்" என்று பிரவுசரில் தட்டினால் வரவேற்புப் பக்கம் தெரியும். வெளியுலகத்துக்குத் திறந்துவிடாமல் வீட்டிலேயே பிள்ளைகள் இதைப் பழகலாம். காசு கட்டிப் படிக்கும் வகுப்பில் சொல்லித்தருவதும் பெரும்பாலும் இந்தப் பாடம்தான்.

வெளியே திறந்துவிடும்போதுதான் விஷயம் இருக்கிறது. ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியலையும் சீட்டுக் கணக்கையும் வெப் பக்கங்கள் இருக்கும் அதே போல்டரில் போட்டுவைத்தால் என்ன ஆகும்? அந்த போல்டரில் முகப்புப் பக்கம் இல்லையென்றால், உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்களை எல்லாம் உபுண்டுவில் வரும் அப்பாச்சி வரிசையாகக் காட்டிவிடும். வீட்டு விலாசமும் போன் நம்பரும் ஊருக்கே தெரிந்துவிடும். அமைப்புக் கோப்பில் "இண்டெக்சஸ்" என்ற சொல்லை எடுத்துவிட்டால் பட்டியல் மறையும். ஆனால் கோப்பின் பெயரை ஊகித்தவர் அப்போதும் எடுத்துவிடலாம். அந்தக் கோப்புகளை அங்கே வைக்காமல் இருப்பதே சரி.

14 கோடி பேர்

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. அமெரிக்க மக்களின் கடன் விவரங்களைச் சேகரித்து வைக்கும் ஈக்விபேக்ஸ், அப்பாச்சி அமைப்பின் "ஸ்ட்ரட்ஸ்" என்ற சாப்ட்வேரைப் பயன்படுத்தி வந்தது. அதில் இருந்த ஓட்டைக்கு 2017 மார்ச்சில் திருத்தம் வந்துவிட்டது. அதை எல்லா இடத்திலும் போடாமல் விட்டார்கள். மே மாதம் புகுந்த திருடர்கள் ஜூலைக் கடைசி வரை உள்ளேயே இருந்தார்கள். போனது சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரம்! கண்காணிப்புக் கருவியின் சான்றிதழ் காலாவதியாகிக் கிடந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

2021 அக்டோபரில் அப்பாச்சி சர்வரிலேயே ஒரு ஓட்டை தெரிந்தது. போட்ட திருத்தமும் போதாமல், ஒரே வாரத்தில் இரண்டாவது திருத்தம் வந்தது. வாரம் ஒருமுறை பார்த்தால் போதும் என்றிருந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

இரவு வருகிறவர்கள்

ஆக, சர்வரைக் கவனிக்கிறவர் செய்ய வேண்டியது குமாஸ்தா வேலைதான். திருத்தம் வந்த அன்றே போட வேண்டும். நகல் ஒன்றை வேறு டிஸ்க்கில் வைத்து, அதிலிருந்து மீட்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். 443–க்கு உரிய சான்றிதழை "லெட்ஸ் என்கிரிப்ட்" இலவசமாகவே தருகிறது. மூன்று மாதத்துக்கு மேல் செல்லாது. தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்துவிடலாம்.

தினமும் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். எந்த முகவரியிலிருந்து, எத்தனை மணிக்கு, என்ன கேட்டார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். சர்வரைத் திறந்துவிட்ட சில மணி நேரத்திலேயே, அங்கே இல்லாத பக்கங்களைக் கேட்டு வரிகள் விழத் தொடங்கும். பெரும்பாலும் கேட்பது மனிதர் அல்ல, இண்டர்நெட் முழுவதும் கதவு கதவாகத் தள்ளிப் பார்க்கும் புரோகிராம்கள். "404" என்று இருந்தால் இல்லை என்று பதில் போயிருக்கிறது. அந்த வரிசையில் "200" தென்பட்டால், கேட்டது கிடைத்துவிட்டது என்று பொருள். என்ன கிடைத்தது என்று அப்போதே பார்த்துவிட வேண்டும்.