சம்பூரில் காளைகள் ஓடின; பட்டிகள் எங்கே?

2024 ஜனவரி 6ஆம் திகதி சம்பூரில் இலங்கையின் முதலாவது ஜல்லிக்கட்டு என்ற அறிவிப்போடு ஒரு போட்டி நடந்தது. அப்போதைய கிழக்கு மாகாண ஆளுநர் செந்தில் தொண்டமானின் ஏற்பாட்டில் நடந்த பொங்கல் விழாவின் ஓர் அங்கம் அது. 200க்கும் மேற்பட்ட காளைகள் களமிறங்கியதாகச் செய்திகள் வந்தன. இது எங்கள் பாரம்பரியமா, இந்திய இறக்குமதியா என்ற வாதமும் எழுந்தது. மூதூர்ப் பக்கத்தில் மாடு வளர்த்த குடும்பத்தில் பிறந்த எனக்கு வேறொரு கேள்வியே முக்கியமாகப் படுகிறது: காளைகளுக்குப் புல் எங்கே?

மாட்டு விளையாட்டு எதுவும் மைதானத்தில் பிறப்பதில்லை. அமெரிக்காவில் ஊரூராகப் போய் நடத்தப்படும் ரோடியோ, மந்தைகளை வளைத்துப் பிடித்துக் குறி சுடும் வேலையிலிருந்து வந்தது. அலங்காநல்லூர், பாலமேடு வாடிவாசல்களுக்கு லொறிகளில் போகும் காளைகளுக்குப் பின்னால், அவற்றை ஆண்டு முழுவதும் வளர்க்கும் வீடுகள் இருக்கின்றன. வடக்கின் மாட்டுவண்டிச் சவாரியும் அப்படித்தான்.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிரே, கொட்டியாரக்குடாவின் தென்கரையில் எங்களுக்கு இருந்தது பட்டி. பெரும்போகத்துக்கு வயல் விதைத்ததும் மாடுகளைக் காட்டோர மேய்ச்சலுக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள். அறுவடை முடிந்ததும் அவை வயலுக்குத் திரும்பும்; வயலுக்கு எரு கிடைக்கும். குறி சுடும் நாளில், கன்றை யார் முதலில் மடக்குவது என்று இளைஞர்களுக்குள் போட்டி நடக்கும். பரிசும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை.

உழவையும் சூடடிப்பையும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. 2006இல் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தபோது மாடுகளைக் கையோடு கொண்டுபோக முடியவில்லை. 2015இல் 818 ஏக்கர் காணி விடுவிக்கப்பட்டு மீள்குடியேற்றம் தொடங்கியது. அனல்மின் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அங்கு 120 மெகாவாட் சூரிய மின் திட்டம் தொடக்கி வைக்கப்பட்டது. மின்சாரம் வேண்டியதுதான். ஆனால் காணி பங்கிடும்போதெல்லாம் மேய்ச்சல் தரைக்கு எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.

எல்லை குறித்த மேய்ச்சல் தரை இல்லாவிட்டால், விதைப்புக் காலத்தில் மாட்டை எங்கே விடுவது? மாடு பயிருக்குள் இறங்கினால் அயலவரோடு பகை. அந்தத் தொல்லைக்குப் பயந்தே எங்கள் வீட்டிலும் கடைசி மாடுகளை விற்றோம்.

ஜல்லிக்கட்டுக்கு ஒரு நாளும் ஒரு மைதானமும் போதும். பட்டிக்கு ஆண்டு முழுவதும் புல் வேண்டும். மாட்டுப் பண்பாட்டைக் காக்க விரும்பும் அரசியல்வாதி எவரும் முதலில் கையொப்பமிட வேண்டியது மேய்ச்சல் தரைக்கான வர்த்தமானியில்தான்.